என்ஜினை அணைத்தவன்

ஜடேசாமியின் ஜீப் புளியமரத்து வளைவில் நின்றுவிட்டது என்று கைப்பட்டை அதிர்ந்து சொன்னபோது, சுகந்தி செக்போஸ்ட்டில் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அனுமதி உள்ள வண்டி. ஓட்டுநரே என்ஜினை அணைத்திருக்கிறார். கட்டு விழுந்துவிட்டது. பட்டையில் அவ்வளவுதான் வரும்.

கட்டு என்பது ஓட்டுநர்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் மௌன வேலி. வேலி என்றாலும் கம்பி கிடையாது. காட்டுக்குள் மரங்களோடு மரமாகக் கம்பங்கள் நின்றன. நாட்டில் ஓடும் எல்லா வண்டிக்குள்ளும் ஒரு சில்லு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அனுமதி இல்லாத வண்டி கம்பங்களின் எல்லைக்குள் நுழைந்தால் சில்லு எரிபொருளை அடைத்துவிடும். வண்டி செத்த மாடு மாதிரி அங்கேயே கிடக்கும். அந்தப் பகுதியின் வனக்காப்பாளர் நேரில் போய், முன்மூடியில் பதித்த தகட்டில் உள்ளங்கையை வைத்தால்தான் மறுபடி உயிர் வரும்.

மூங்கிலாற்றுப் பகுதிக்கு அந்தக் கை சுகந்தியுடையது.

அவளுக்கு வேலியைப் பிடித்திருந்தது. வேலி வருவதற்கு முன் அவளுடைய காலை வேலை மண்வெட்டியோடுதான் தொடங்கும். ராத்திரி வண்டிகள் நசுக்கிப் போட்டவற்றைத் தாரிலிருந்து சுரண்ட வேண்டும். புனுகுப்பூனை, முயல், ஒருநாள் ஒரு சிறுத்தைக்குட்டி. சினிமாப் பாட்டும் சரக்குமாக வந்த ஒரு ஜீப்பை மறிக்கப்போன மயில்சாமி என்ற காவலருக்கு இடுப்பு உடைந்தது. அவர் இப்போது அடிவாரத்தில், சத்திரம் என்ற ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். வேலி வந்த பிறகு யாரையும் மறிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி தானே நிற்கும். சைக்கிளில் போய், அபராதம் எழுதி, கையை வைத்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

முதல் வருடம் இந்தக் கை இல்லை. போனிலேயே கட்டை அவிழ்க்கலாம் என்றிருந்தது. அதனால் போன் ஓயவேயில்லை. மந்திரியின் மச்சான், எம்.எல்.ஏ.வின் டிரைவர், சொகுசு விடுதிக்காரர், விடுதிக்காரரின் விருந்தாளி. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அவிழ்த்து அவிழ்த்துச் சலித்துப்போனார்கள். பிறகுதான் யாரும் யாருக்கும் போன் செய்து பயனில்லாதபடி மாற்றினார்கள். காவலரின் கை, நேரில், அவ்வளவுதான். துறை வண்டிகளும் செக்போஸ்ட்டோடு நின்றன. ரேஞ்சரே சைக்கிளில் வந்தார். முதல் வருடம் ஆம்புலன்சுக்கு அனுமதி இருந்தது. ஒரு ஆம்புலன்சைத் திறந்தபோது ஸ்ட்ரெச்சரில் ஒரு கடமான் படுத்திருந்தது. அத்தோடு அதுவும் போயிற்று.

மிஞ்சியது ஒரே ஒரு அனுமதி. காட்டுக்குள் இருந்த சீகைப்பள்ளம் என்ற பழங்குடி ஊருக்கு ஒரு பழைய டீசல் ஜீப். ஜடேசாமிதான் ஓட்டினான். அரிசி, ஆஸ்பத்திரி, பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஜீப். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. காட்டைக் கடந்து போகலாம், காட்டில் நிற்கக்கூடாது. என்ஜினை அணைத்தால் அனுமதி செத்துவிடும். அணைத்துவிட்டுக் காத்திருப்பவன் வேட்டைக்காரன் என்பது வேலி கட்டியவர்களின் கணக்கு.

சுகந்தி கைப்பட்டையை வாயருகே கொண்டுபோனாள். கட்டு விழுந்த வண்டியோடு பட்டையில் பேசலாம்.

"ஜடேசாமிண்ணா, என்னாச்சு?"

"கார்டம்மா, ஆனைங்க. குட்டியோட நடு ரோட்டுல நின்னுச்சு. அமத்திட்டேன்." மூச்சு வாங்கினான். "இப்பப் போயிருச்சு. வண்டி எடுக்க மாட்டேங்குது. நீங்க வாங்க சீக்கிரம்."

"அணைக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. பொம்மி உள்ள இருக்குது. விரியன் போட்டுருச்சுங்க. கடுக்காய் பொறுக்கப் போன எடத்துல."

சுகந்தி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பொம்மி ஜடேசாமியின் மனைவி. சந்தை நாட்களில் ஜீப் செக்போஸ்ட்டில் நின்றால் அவள்தான் வம்புக்கு இழுப்பாள். 'கார்டம்மா, அந்தக் கைய எங்களுக்குக் குடுத்துட்டு நீங்க வேற கை வாங்கிக்கங்க' என்பாள். ஜடேசாமி கையெடுத்துக் கும்பிட்டு வண்டியை எடுப்பான்.

"எங்க கடிச்சுது?"

"கால்லங்க. ஊதிப்போச்சு. கெம்பனும் நானுமாத் தூக்கிட்டு எறங்கட்டுமா? தூளி கட்டிக்கறோம்."

கெம்பன் பொம்மியின் அண்ணன். சுகந்தி யோசித்தாள். வளைவிலிருந்து செக்போஸ்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினால் பொழுது சாய்ந்துவிடும். கடிபட்டவள் அசையவும் கூடாது. தான் சைக்கிளில் ஏறினால் அதில் பாதி நேரம். திரும்பும்போது ஜீப் இருக்கும்.

"வேண்டாம். அங்கயே இருங்க. கால அசைக்க விடாதீங்க. நான் வந்துர்றேன்."

கிளம்புமுன் ஆம்புலன்சைச் செக்போஸ்ட்டுக்கு வரச்சொன்னாள். பிறகு, கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தும், கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினாள். நிரஞ்சன் எடுத்தான். வேலியின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் சென்னைப் பையன். நல்லவன்.

"மேடம், எனக்குத் தெரியுது. லாக் ஆனது ஸ்க்ரீன்ல வந்துடுச்சு."

"தொறந்து விடுங்க தம்பி. பாம்புக்கடி."

"என்கிட்ட அந்த பட்டனே இல்ல மேடம். எடுத்துட்டோம். நீங்கதானே மீட்டிங்ல கை தட்டுனீங்க?"

அவன் குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னான்.

"யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல. அதான் மேடம் இதோட அழகே. நீங்க போங்க, பேசிட்டு நிக்காதீங்க."

பாதை ஏற்றம். பாதி தூரம் மிதித்தாள், மீதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மூங்கில் சரிவைத் தாண்டும்போது கிளை முறியும் சத்தம் கேட்டது. நின்றாள்.

மேலிருந்து ரோட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்தது. பெண் யானை. வயிற்றுக்கடியில் குட்டி. அவசரமே இல்லை அதற்கு. ஓரத்து மூங்கிலை வளைத்து இரண்டு கவளம் தின்னும், நாலு அடி நடக்கும், குட்டிக்காக நிற்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். ரோட்டைத் தவிர அதற்கு வழி கிடையாது. சுகந்திக்கும் கிடையாது.

சைக்கிளைப் படுக்கப்போட்டுவிட்டுப் பாறைப் பிளவுக்குள் ஒடுங்கினாள். கைப்பட்டை பேசியது.

"கார்டம்மா, எங்க வர்றீங்க? பல்லுல ரத்தம் வருது."

யானையின் காது விரிந்தது. தும்பிக்கை அவள் இருந்த பக்கமாக உயர்ந்து காற்றைத் தேடியது. சுகந்தி பட்டையை அணைத்தாள்.

யோசித்துச் செய்ததில்லை. விரல் தானாகப் போயிற்று.

யானை நின்றது. குட்டி பால் குடித்தது. குடித்து முடித்துச் சைக்கிள் சக்கரத்தைத் தும்பிக்கையால் தொட்டுச் சுற்றிப் பார்த்தது. தாய் அதை ஒரு தட்டுத் தட்டி நகர்த்தியது. அவை வளைந்து திரும்பி, சரிவு இளகும் இடத்தில் பள்ளத்துக்குள் இறங்கி, இலைச் சத்தம் ஓயும்வரை சுகந்தி பாறையோடு பாறையாக நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெயில் மட்டும் ரோட்டின் மறுபக்கம் போயிருந்தது.

பட்டையை உயிர்ப்பித்தபோது ஜடேசாமியின் குரல் வரிசையாக வந்தது. எங்க இருக்கீங்க. கார்டம்மா. தூக்கிட்டு வந்துரட்டுமா. கார்டம்மா, ஏன் பேச மாட்டேங்கறீங்க. கடைசியில் குரல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

வளைவை அடைந்தபோது ரோட்டில் யானைச் சாணி பச்சையாகக் கிடந்தது. ஜீப்பின் முன்னால் ஜடேசாமி நின்றிருந்தான். தகட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். எடுத்துக் கால்சட்டையில் துடைத்து மறுபடி வைத்தான். அவளைப் பார்த்த பிறகும் உடனே எடுக்கவில்லை. சுகந்தி அவன் கையை விலக்கித் தன் கையை வைத்தாள். தகடு பச்சையாயிற்று.

ஜீப் ஒரே முடுக்கில் கிளம்பியது.

பின்சீட்டில் பொம்மியின் தலை கெம்பனின் மடியில் இருந்தது. ஈறுகளில் ரத்தம் கசிந்தது. கண்ணைத் திறந்து சுகந்தியைப் பார்த்தாள்.

"கை வந்துருச்சா?" என்றாள்.

செக்போஸ்ட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. நர்ஸ் பெண் பொம்மியின் காலைப் பார்த்தாள், கண் இமையைத் திறந்து பார்த்தாள், எப்போது கடித்தது என்று கேட்டாள். கெம்பன் சொன்னான். அவள் நிமிர்ந்தாள்.

"இவ்வளவு நேரம் எங்கண்ணா இருந்தீங்க?"

ஜடேசாமி பொம்மியைத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றினான். மலைப்பாதையின் பாதியிலேயே பொம்மி இறந்துபோனாள்.

*

விசாரணை ரேஞ்சர் ஞானதுரையின் அறையில் நடந்தது. நிரஞ்சன் சென்னையிலிருந்து நேரில் வந்திருந்தான். ஜடேசாமியை உட்காரச் சொன்னார்கள். அவன் நின்றான்.

"ஏம்ப்பா அணைச்சே?" என்றார் ரேஞ்சர்.

"ஆனைங்க."

"ஆனை நின்னுச்சு, சரி. நீ வண்டிக்குள்ளதானே இருந்த? என்ஜின் ஓடிக்கிட்டு இருந்தா என்ன?"

ஜடேசாமி அவரைப் பார்த்தான். கேள்வி புரியாதவனைப் போல.

"குட்டி வச்சிருந்துச்சுங்க," என்றான்.

"ஆனை நின்னதுக்கு என்ன சாட்சி?"

"சாணி இருந்துச்சு சார்," என்றாள் சுகந்தி. "நானே பார்த்தேன். அந்த ஆனையையும் பார்த்தேன். அதனாலதான் எனக்கே லேட் ஆச்சு."

"காட்டுல சாணி கிடக்காத இடம் எங்கம்மா இருக்கு?" ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. அன்றைக்குப் பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக முன்னால் சைக்கிள் மிதித்து வந்தவர். "நீ ஒரு ஆனையப் பார்த்தே. அவன் பார்த்தது அதேதானா? நான் எழுதணும். என்னன்னு எழுதட்டும்?"

நிரஞ்சன் மேசையைப் பார்த்தபடி பேசினான். "சிஸ்டத்துக்கு ஆனை தெரியாது சார். டிரைவர் ஆஃப் பண்ணாரா இல்லையா, அது மட்டும்தான் தெரியும். அவர் பண்ணியிருக்காரு."

"அப்ப ஆனைக்கு அணைச்சாக் கட்டு விழாதபடி மாத்துங்க," என்றாள் சுகந்தி. "இந்த ஒரு வண்டிக்காவது. ஊர் வண்டிதானே."

"ஒரு வண்டிக்கு ஒரு ஓட்டை போட்டா, அது எல்லா வண்டிக்கும் ஓட்டை மேடம். நாளைக்கு மான் சுடறவனும் ஆனை நின்னுச்சுன்னுதான் சொல்வான். விதிவிலக்குன்னு ஒண்ணு இந்த சிஸ்டத்துல கிடையவே கிடையாது. செய்ய மாட்டோம்னு சொல்லல. செய்ய முடியாதபடிதான் கட்டியிருக்கோம்." அவன் கண் கலங்கியிருந்தது. "நான் மூணு நாளா தூங்கல மேடம். வேற வழி இருந்தாச் சொல்ல மாட்டேனா?"

சுகந்தி அவனை நம்பினாள்.

ரேஞ்சர் எழுதினார். ஓட்டுநர் நிபந்தனையை மீறி, காட்டுக்குள் என்ஜினை அணைத்ததால் தாமதம். விசாரணை முடியும்வரை சீகைப்பள்ளத்தின் அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது. ஜடேசாமியின் பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்தார்கள். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் சுகந்தி அவனோடு கொஞ்ச தூரம் நடந்தாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"அணைக்காமயே இருந்திருந்தா என்னண்ணா?"

"தண்ணிக்குள்ள முங்குனா மூச்சப் புடிக்கறோமில்லீங்க," என்றான். "யாராச்சும் சொல்லியா புடிக்கறோம்?"

பிறகு, "நீங்க எதுக்கு அன்னிக்குப் பேசறத நிறுத்துனீங்க?" என்றான்.

அவள் சொன்னாள். யானை, பாறைப் பிளவு, பட்டை. அவன் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையாட்டினான்.

"அதேதானுங்க," என்றான்.

*

ஜீப் ஊர் நடுவில் நின்றது. முதலில் அரிசி குறைந்தது. ரேஷன் அரிசியைத் தலையில் சுமந்து ஏறினார்கள். பரீட்சைக்குப் போக வேண்டிய பெண்பிள்ளைகள் இரண்டு பேர் போகவில்லை. மழையில் ஒரு கிழவருக்கு மூச்சிரைப்பு வந்து, தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் திரும்பி ஊருக்கு வரமாட்டேன் என்று சத்திரத்திலேயே மகளோடு தங்கிவிட்டார்.

சுகந்தி வாரத்துக்கொரு முறை சைக்கிளில் மாத்திரை, உப்பு, தீப்பெட்டி கொண்டுபோனாள். வழியில் காடு அழகாக இருந்தது. செந்நாய்க் கூட்டம் ஒன்று ரோட்டிலேயே படுத்து வெயில் காய்ந்தது. அவளைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. இதற்காகத்தானே, என்று நினைத்தாள். நினைத்தது நாக்கில் கசந்தது.

அனுமதியைத் திருப்பிக் கேட்டு அவள் மேலே எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில் வந்தது.

மழை நின்றதும் மேலதிகாரி ஒருவர் சீகைப்பள்ளத்துக்கு நடந்தே வந்தார். காலில் அட்டைகள். கூட்டம் போட்டார். வெளியே, வாய்க்கால் ஓரத்தில், ஓடு போட்ட வீடுகள் தயாராக இருக்கின்றன. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. போவதும் இருப்பதும் உங்கள் விருப்பம். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை.

"அது நெசந்தானுங்க," என்றான் கெம்பன், சத்தமாக. "புலி வருதுன்னீங்க, போகல. கேஸ் போட்டீங்க, போகல. எங்கப்பன உள்ள வச்சீங்க, அப்பவும் போகல. இப்ப யாரும் ஒண்ணுஞ் சொல்லல. ஒரு ஜீப்புதான் நின்னுபோச்சு."

சிலர் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

"நீ என்னப்பா சொல்றே?" என்று ஜடேசாமியைக் கேட்டார்.

ஜடேசாமிக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். அவன் மடியில் உட்கார்ந்து அதிகாரியின் காலில் இருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு ஒண்ணுன்னா எதுல கொண்டு போறதுங்க?" என்றான். "போறம்."

அவன் சொன்ன பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.

*

காலி செய்யும் நாளன்று காலையில் ஆறு லாரிகள் செக்போஸ்ட்டில் வரிசையாக வந்து நின்றன. சமவெளி லாரிகள். ஜீப்புக்கு இருந்த அனுமதி அன்றைக்கு மட்டும் இவற்றுக்கு. ஓட்டுநர்கள் இந்தக் காட்டைப் பார்த்தேயிராதவர்கள். சுகந்தி ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள்.

"எங்கயும் அணைக்காதீங்க. எது நின்னாலும் என்ஜின் ஓடிட்டே இருக்கோணும். அணைஞ்சா அங்கயே கெடக்கோணும்."

முதல் லாரிக்காரன் நல்லதம்பி. வெற்றிலை மென்றுகொண்டிருந்தவன் தலையைச் சாய்த்து, "செரிங்கம்மா, செரிங்க," என்றான். எதற்கும் அப்படிச் சொல்லிப் பழகிய ஆள்.

ஒரு லாரிக்குக் கட்டு விழுந்தாலும் அத்தனையும் மாட்டிக்கொள்ளும். குழந்தைகள் இருப்பார்கள். அதனால் சுகந்தி தானே முதல் லாரியில் ஏறிக்கொண்டாள். ஊரில் சாமான் ஏற்றும்போது ஆறு என்ஜின்களும் ஓடிக்கொண்டே இருந்தன. அவள்தான் பார்த்துக்கொண்டாள். அண்டாக்கள், கோழிக்கூடைகள், கழற்றிய கதவுகள், ஒரு தையல் மெஷின். சீகைப்பள்ளத்தில் அவ்வளவு சத்தமும் புகையும் எப்போதும் இருந்ததில்லை. ஆடுகள் லாரிக்குள் ஏற மறுத்துக் கத்தின. ஜீப்பை விட்டுவிட்டார்கள்.

இறங்கும்போது முன்சீட்டில் மூன்று பேர். நல்லதம்பி, நடுவில் மகளை மடியில் வைத்த ஜடேசாமி, ஜன்னலோரம் சுகந்தி. புளியமரத்து வளைவில் ஜடேசாமி கண்ணை மூடிக்கொண்டான். லாரி அதைக் கடந்தது. குழந்தை மரத்தில் தெரிந்த ஒரு குரங்கைக் காட்டி ஏதோ சொன்னது.

மூங்கில் சரிவு தாண்டியதும் நல்லதம்பி லாரியை ஓரம் கட்டினான். சாவியைத் திருப்பி அணைத்தான்.

"அண்ணா," என்றாள் சுகந்தி.

"ஒண்ணுக்குங்கம்மா. அடக்கி அடக்கி வயிறு வலிக்குது." குதித்து இறங்கிப் புதருக்குப் பின்னால் போனான்.

சுகந்தி கைப்பட்டையைப் பார்த்தாள். அது அதிரவில்லை. மலையில் சில நேரம் தாமதமாக வரும். இறங்கி லாரியின் முன்பக்கம் போய் நின்றாள். தகடு சிவப்பாகும், கையை வைக்க வேண்டும். தகடு நிறம் மாறவில்லை. பின்னால் மற்ற லாரிகளும் ஒவ்வொன்றாக நின்றன. ஒவ்வொன்றாக அணைத்தார்கள். ஒருவன் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தான். இன்னொருவன் பீடி பற்றவைத்தான்.

காடு நிசப்தமாக இருந்தது.

நல்லதம்பி திரும்பி வந்து ஏறினான். சாவியைத் திருப்பினான். என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

சுகந்தி அவன் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"எப்படி ஸ்டார்ட் ஆச்சு?"

"ஆகாதுங்களா?"

"இந்தக் காட்டுல ஆகாது. காலைல சொன்னேனில்ல?"

"அட, அதுங்களா." அவன் வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். "ஆபீஸ்ல இருந்து எங்க வண்டிச் சில்லுக்கெல்லாம் என்னமோ அனுப்பியிருக்காங்கம்மா. எங்க வேணாலும் நிறுத்தலாம், எங்க வேணாலும் எடுக்கலாம்னாங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். காலி பண்ற வேல தடையில்லாம முடியோணுமாம்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏதோ உங்க கடமைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்," என்றான்.

"யாரு அனுப்புனா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஏறுங்க, போலாம். பொழுதோட எறக்கிட்டு அடுத்த லோடுக்குப் போகோணும்."

சுகந்தி ஏறவில்லை. அவள் கை ஜன்னல் விளிம்பில் இருந்தது.

ஜடேசாமி இதுவரை முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சாவியைப் பார்த்தான்.

"அமத்துங்க," என்றான்.

"ஏனுங்க? நீங்களும் போகோணுமா?"

"இல்லீங்க. அமத்துங்க."

நல்லதம்பி அணைத்தான். சத்தம் நின்றது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டியது.

"போடுங்க."

போட்டான். என்ஜின் கிளம்பியது. மடியில் இருந்த குழந்தை குலுங்கிச் சிரித்தது.

"அமத்துங்க."

"என்னங்கம்மா இது?" நல்லதம்பி சுகந்தியிடம் முறையிட்டான். "பாட்டரி போயிருமுங்க. சொல்லுங்க இவருகிட்ட."

பின்னால் இருந்த லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஒருவன் தலையை வெளியே நீட்டி, என்னய்யா முன்னால, ஆனையா என்று கத்தினான்.

"அவர் சொல்றதச் செய்யுங்க," என்றாள் சுகந்தி.

நல்லதம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தான். திருப்பிப் போட்டான். ஒரே முடுக்கில் கிளம்பியது.

"மறுபடியும்," என்றான் ஜடேசாமி.